விடுதலைக்கு முந்தைய இந்தோனேசியாவில் பெண்கள் என்ன கேட்டார்கள்?

கேள்வி இது: இந்தோனேசியா 1945-இல் விடுதலை அறிவிப்பதற்கு முன்பே அங்கு பெண்ணுரிமை இயக்கம் என்று ஒன்று இருந்ததா, அல்லது கார்த்தினி என்ற ஒருவர் எழுதிய கடிதங்கள்தானா எல்லாம்? டிசம்பர் 22-ஐ அங்கே அன்னையர் நாளாகக் கொண்டாடுகிறார்களே, அதற்கும் இதற்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

இருந்தது. ஒன்றல்ல, பல இருந்தன. பள்ளிக்கூடம், பத்திரிகை, கைத்தொழில் சங்கம், மசூதி, கட்சி மேடை, சிறைச்சாலை என்று பல வழிகளில் அந்தப் பெண்கள் போனார்கள். டிசம்பர் 22-க்கும் தொடர்பு உண்டு. 1928-இல் அந்த நாளில்தான் முதல் மகளிர் மாநாடு யோக்யகர்த்தாவில் தொடங்கியது. ஆனால் என் பார்வையில் முக்கியமானது வேறொன்று. இந்தப் பெண்களை ஓரிடத்தில் சேர்த்ததும் சேர்ந்தபின் பிரித்ததும் ஒரே விஷயம்தான்: திருமணம். சிறுமிகளைக் கட்டிக்கொடுப்பது, பலதார மணம், கணவன் வாயால் சொன்னவுடன் முடிந்துபோகும் மணவிலக்கு. ஓட்டுரிமை கேட்டார்கள்தான். கல்வி ஓயாமல் கேட்டார்கள். இருந்தாலும் அடிவயிற்றிலிருந்து எழுந்த கோபம் கல்யாண வீட்டைப் பற்றியது. அதைத் தீர்க்கச் சட்டம் கேட்கப் போனால் நாட்டை ஆண்ட அந்நிய டச்சு அரசிடம்தான் போக வேண்டும். அந்தச் சிக்கல்தான் இந்த வரலாறு முழுக்க ஓடுகிறது.

கார்த்தினியிலிருந்து தொடங்குவோம். அவரை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது. 1879 ஏப்ரல் 21-இல் நடு ஜாவாவில் ஜெபாராவை ஒட்டிய மாயோங்கில் பிறந்தார். தந்தை சோஸ்ரோனிங்ராட் பின்னர் ஜெபாரா மாவட்டத்தின் ஆட்சித் தலைவரானார். டச்சு அரசின்கீழ் ஜாவானியப் பிரபுக்கள் வகித்த பதவி அது. தாய் ங்காசிரா சாதாரணக் குடும்பத்துப் பெண். தந்தை முதலில் மணந்தது அவரைத்தான். ஆனாலும் மாவட்டத் தலைவரின் பட்டத்து மனைவி பிரபு குலத்தில் பிறந்தவராக இருக்க வேண்டும் என்ற முறை இருந்ததால், தந்தை உயர்குலப் பெண் ஒருவரையும் மணந்தார். பெற்ற தாய் அந்த வீட்டிலேயே இரண்டாம் இடத்துக்குப் போனார். பலதார மணத்தைக் கார்த்தினி ஏதோ டச்சுப் புத்தகத்தைப் படித்துவிட்டு வெறுக்கவில்லை. பிறந்த வீட்டின் அமைப்பே அதுதான்.

டச்சுக் குழந்தைகள் படிக்கும் தொடக்கப்பள்ளிக்கு அவரைத் தந்தை அனுப்பினார். அந்தக் காலத்தில் அதுவே பெரிய சலுகை. பன்னிரண்டு வயதானதும் பள்ளி நின்றது. ஜாவானியப் பிரபு வீடுகளில் வயது வந்த பெண்ணை மாப்பிள்ளை வரும்வரை மதிலுக்குள்ளேயே வைத்திருக்கும் வழக்கத்துக்குப் 'பிங்கித்' என்று பெயர். அண்ணன் சோஸ்ரோகார்த்தோனோ மேலே படித்து நெதர்லாந்து வரை போனார். தங்கை மதிலுக்குள் உட்கார்ந்து டச்சு மாத இதழ்களைப் படித்தார். 1898-இல் வில்ஹெல்மினா அரசியின் முடிசூட்டு விழாவுக்குச் செமாராங் போக அவரும் தங்கைகள் ருக்மினியும் கார்தினாவும் வெளியே அழைத்து வரப்பட்டபோது ஊரே வியந்தது.

அடுத்த ஆண்டு ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த ஸ்டெல்லா ஸேஹான்டெலார் என்ற இளம் பெண்ணியவாதியோடு கடிதத் தொடர்பு ஏற்பட்டது. முதல் கடிதத்திலேயே பிரபு குலப் பட்டம் எதுவும் வேண்டாம், வெறும் கார்த்தினி என்றே அழையுங்கள் என்று எழுதிவிட்டார். நெதர்லாந்து சென்று படித்து ஆசிரியையாக வேண்டும் என்பது அவர் கனவு. அது கைகூடும் நேரத்தில், 1903 ஜனவரியில், காலனிய அரசின் கல்வித் துறை இயக்குநர் அபெண்டனோன் ஜெபாராவுக்கு வந்தார். வெளிநாட்டுக்குப் போனால் திரும்பி வரும்போது சொந்த மக்களே உங்களை அந்நியராகப் பார்ப்பார்கள் என்று சொல்லி மனதை மாற்றினார். சரி, காலனியத் தலைநகரான படாவியாவிலாவது (இன்றைய ஜகார்த்தா) படிக்கலாம் என்று அரசிடம் உதவித்தொகை கேட்டார் கார்த்தினி. அது வந்து சேர்வதற்குள் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை ரெம்பாங் மாவட்டத் தலைவர். ஏற்கெனவே மூன்று மனைவிகளும் பிள்ளைகளும் உள்ளவர். எதை எதிர்த்துப் பக்கம் பக்கமாக எழுதினாரோ அந்த வாழ்க்கைக்குள் அவரே போக நேர்ந்தது. கையில் வந்த உதவித்தொகையைச் சுமத்ராவைச் சேர்ந்த ஆகுஸ் சாலிம் என்ற ஏழை மாணவருக்குக் கொடுங்கள் என்று எழுதினார். அதுவும் நடக்கவில்லை. ஆகுஸ் சாலிம் பிற்காலத்தில் விடுதலை பெற்ற இந்தோனேசியாவின் வெளியுறவு அமைச்சர் ஆனார். 1904 செப்டம்பர் 13-இல் கார்த்தினிக்கு ஆண் குழந்தை பிறந்தது. நான்கு நாள் கழித்து அவர் இறந்தார். வயது 25.

அவர் எழுதிய கடிதங்களை அபெண்டனோன் 1911-இல் டச்சு மொழியில் நூலாக வெளியிட்டார். அதில் வந்த பணத்தையும் ஆதரவையும் வைத்து நெதர்லாந்தில் ஒரு நிதி தொடங்கப்பட்டது. செமாராங் முதலாக ஜாவா நகரங்களில் கார்த்தினி பள்ளிகள் திறக்கப்பட்டன. 1922-இல் மலாய் மொழிபெயர்ப்பு வந்த பிறகே டச்சு தெரியாதவர்கள் அவரைப் படித்தார்கள். டச்சுக்காரர்கள் தூக்கிவிட்ட நாயகி அவர் என்று இன்றும் சிலர் குறை சொல்வதுண்டு. தங்கள் நல்லாட்சிக்குச் சான்றாக டச்சுத் தாராளவாதிகள் அவரைக் காட்டினார்கள் என்பது உண்மைதான். அதனால் கடிதங்களில் இருக்கும் வலி பொய்யாகிவிடாது. அவரைப் படிக்க அனுப்பாமல் தடுத்தவரே அவர் கடிதங்களையும் பதிப்பித்தார் என்பதை நினைக்கும்போது எனக்குக் கோபம் வருவதுண்டு. ஆனால் அந்தப் பதிப்பு இல்லாவிட்டால் அடுத்த தலைமுறைக்கு அவர் கிடைத்திருக்கவும் மாட்டார்.

கார்த்தினி மறைந்த அதே 1904-இன் ஜனவரியில், பாண்டுங்கில் தேவி சார்த்திகா 'சகோலா இஸ்த்ரி' என்ற பெண்கள் பள்ளியைத் தொடங்கியிருந்தார். மேற்கு ஜாவாவின் சுந்தா இனத்துப் பிரபு குடும்பம். தந்தை அரசுக்கு எதிரான சதியில் சம்பந்தப்பட்டவர் என்று தெர்னாத்தே தீவுக்கு நாடு கடத்தப்பட்டிருந்தார். பாண்டுங் மாவட்டத் தலைவரின் மாளிகை முன்மண்டபத்தில்தான் முதல் வகுப்பு. எழுத்து, கணக்கு, தையல், சமையல், சமயம் எல்லாம் கற்பித்தார்கள். சில ஆண்டுகளில் சுந்தா நிலத்தில் ஊருக்கு ஊர் அதே மாதிரிப் பள்ளிகள் வந்தன. கார்த்தினி எழுதினார், சார்த்திகா செய்தார் என்று சுந்தாக்காரர்கள் ஒப்பிட்டுப் பேசுவார்கள். அந்த ஒப்பீடு எனக்குப் பிடிக்காது. ஒருவருக்குக் கிடைத்தது 25 வயதுவரை மட்டுமே; மற்றவர் 1947-இல் விடுதலைப் போரின் அகதியாக தாசிக்மாலாயா பக்கம் இறக்கும்வரை உழைத்தார்.

ஜாவாவை விட்டு வெளியே வந்தால் கதை இன்னும் சுவையானது. மேற்குச் சுமத்ராவின் மினாங்கபாவ் மக்களிடம் வீடும் நிலமும் தாய்வழியில் மகளுக்குப் போகும். அதற்காகப் பெண்கள் எல்லாம் படித்திருந்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். சொத்து இருந்தது, எழுத்து இல்லை. கோத்தோ காடாங் என்ற ஊரில் 1884-இல் பிறந்த ரோஹானா குத்தூஸ் பள்ளிக்கூடத்துக்கே போகாதவர். நீதித்துறையில் வேலை பார்த்த தந்தை வீட்டுக்கு வாங்கி வந்த இதழ்களைப் படித்து வளர்ந்தார். 1911 பிப்ரவரியில் 'அமாய் செத்தியா' என்ற பெண்கள் கைத்தொழில் சங்கத்தைத் தொடங்கினார். அங்கே பெண்கள் சரிகைப் பூத்தையலும் பின்னல் லேஸும் செய்தார்கள். கூடவே படிக்கவும் எழுதவும் கணக்குப் பார்க்கவும் கற்றார்கள். கைவேலை விற்ற காசு பெண்ணின் கைக்கே வந்தது. படித்தால் என்ன பயன் என்று கேட்ட ஊர்க்காரர்களுக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது.

அடுத்த ஆண்டு ஜூலையில் பாடாங் நகரிலிருந்து 'சுந்திங் மெலாயு' என்ற பெண்கள் இதழ் வெளிவரத் தொடங்கியது. ஆசிரியர் ரோஹானா. எழுதியவர்களும் பெண்கள். சுமத்ராவின் பல ஊர்களிலிருந்தும் பெண்கள் அதற்குக் கட்டுரை அனுப்பினார்கள், செய்யுள் அனுப்பினார்கள். 1921 வரை அது நின்றது. ஊரில் அவரை நிம்மதியாக விட்டுவைக்கவில்லை. சங்கப் பணத்தில் முறைகேடு என்று குற்றம் சாட்டினார்கள்; அது நிரூபிக்கப்படவில்லை. அவர் புக்கித்திங்கிக்குப் போய்த் தன் பெயரிலேயே இன்னொரு பள்ளி திறந்தார். பின்னாளில் நாட்டின் முதல் பிரதமரான சுத்தான் ஷாரிர் இவருடைய தம்பி; தந்தை ஒருவர், தாய் வேறு. கார்த்தினி உதவித்தொகையைக் கொடுக்கச் சொன்ன ஆகுஸ் சாலிம் இவருக்கு உறவுச் சகோதரர். அவ்வளவு சிறிய வட்டம் அது. இந்தோனேசிய அரசு ரோஹானாவைத் தேசிய வீராங்கனையாக அறிவிக்க 2019 வரை எடுத்துக்கொண்டது.

வடக்குச் சுலவேசியில் மினாஹாசா கிறிஸ்தவர்கள் வாழும் பகுதி. அங்கே மரியா வாலண்டா மராமிஸ் 1917-இல் தாய்மார் சங்கம் ஒன்றை மனாடோவில் அமைத்தார். பெயரின் சுருக்கம் 'பிகாட்'. வெளித்தோற்றத்தில் வீட்டுவேலையும் குழந்தை வளர்ப்பும் கற்றுக்கொடுக்கும் சங்கம். ஆனால் மினாஹாசாவுக்கு வட்டார மன்றம் ஒன்று வந்து, அதற்கு ஆண்கள் மட்டுமே வாக்களிப்பார்கள் என்றபோது, எங்கள் ஓட்டு எங்கே என்று கேட்டவர் அவர்தான். 1921-இல் படாவியா அரசு இறங்கி வந்து மினாஹாசா பெண்களுக்கு அந்த மன்றத்துக்கு வாக்களிக்கும் உரிமையைக் கொடுத்தது. தலைநகரத்துப் பெண்களுக்கு அப்போது எந்த ஓட்டும் கிடையாது.

சமய வழியில் வந்தவர்களை இந்த வரலாற்றை எழுதும் பலர் ஓரமாக வைத்துவிடுகிறார்கள். அது பெரிய பிழை. யோக்யகர்த்தாவின் கவுமான் பகுதியில் முஹம்மதியா என்ற சீர்திருத்த இயக்கத்தைத் தொடங்கிய அஹ்மத் தஹ்லானின் மனைவி சித்தி வாலிதா. எல்லோரும் நியாய் தஹ்லான் என்பார்கள். அவர் 1914-இல் தொடங்கிய சிறிய ஓதும் வட்டம், 1917-இல் ஆயிஷிய்யா என்ற பெயரில் முஹம்மதியாவின் பெண்கள் அமைப்பாக வளர்ந்தது. பெண்களுக்கென்றே தொழுகை இல்லம், மழலையர் பள்ளி, இதழ் எல்லாம் கட்டினார்கள். 1926-இல் சுரபாயாவில் முஹம்மதியா மாநாட்டு அமர்வுக்கு நியாய் தஹ்லான் தலைமை தாங்கினார். ஆண்கள் நிறைந்த சமய மாநாட்டில் ஒரு பெண் தலைமை தாங்குவது அன்று புதுமை.

பாடாங் பாஞ்சாங்கில் ரஹ்மா எல் யூனுசிய்யா 1923 நவம்பரில் 'தீனியா புத்ரி' என்ற பெண்கள் மதரசாவைத் தொடங்கும்போது அவர் இருபதுகளின் தொடக்கத்தில்தான் இருந்தார். பெண்ணுக்கு மார்க்கம் தெரிய வேண்டுமென்றால் பெண்ணே கற்பிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. 1926 நிலநடுக்கத்தில் கட்டடம் தரைமட்டமானது. ஊர் ஊராகப் போய் நன்கொடை திரட்டி மறுபடி எழுப்பினார். டச்சு அரசு மானியம் தர முன்வந்தபோது வேண்டாம் என்றார். வாங்கினால் பாடத்திட்டத்தில் கை வைப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். 1950-களில் கெய்ரோவின் அல்-அஸ்ஹர் இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தின் தலைவர் நேரில் வந்து அந்தப் பள்ளியைப் பார்த்துச் சென்றார். பின்பு ரஹ்மாவுக்கு 'ஷைக்கா' என்ற பட்டம் அளித்தது அல்-அஸ்ஹர். பெண்களுக்கு அல்-அஸ்ஹர் கல்லூரி திறந்தது அதற்கும் பிறகுதான்.

இதற்கிடையில் சங்கங்கள் முளைத்துக்கொண்டே இருந்தன. 1912-இல் படாவியாவில் 'புத்ரி மர்திகா', பிறகு 'வனிதோ உத்தோமோ', 'வனிதோ முல்யோ', 'புத்ரி இந்தோனேசியா', மாணவர் அமைப்புகளின் பெண்கள் பிரிவுகள். ஆனால் மறந்துவிடக் கூடாத ஓர் எண் உண்டு. 1930 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி எழுதப் படிக்கத் தெரிந்த உள்நாட்டுப் பெண்கள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான். இந்தச் சங்கங்களை நடத்தியவர்கள் ஆசிரியைகள், அதிகாரிகளின் மனைவியர், பிரபு வீட்டு மகள்கள். வயலில் நாற்று நட்டவளும் தேயிலைத் தோட்டத்தில் கூலி வேலை செய்தவளும் மேடையில் இல்லை.

சரி, 1928-க்கு வருவோம். அக்டோபர் இறுதியில் படாவியாவில் இளைஞர் மாநாடு நடந்து, ஒரே நாடு, ஒரே தேசம், ஒரே மொழி என்று உறுதி எடுத்தார்கள். இரண்டு மாதத்துக்குள், டிசம்பர் 22 முதல் 25 வரை, யோக்யகர்த்தாவில் ஜோயோதிபுரான் மாளிகையில் பெண்கள் கூடினார்கள். ஏறத்தாழ முப்பது சங்கங்கள். கூட்டத்தை உருவாக்கியவர்கள் மூவர்: வனிதோ உத்தோமோவின் சுகோந்தோ, தாமான் சிஸ்வா பள்ளிகளின் நியி ஹஜார் தேவந்தாரா, புத்ரி இந்தோனேசியாவின் சுஜாத்தின். சுஜாத்தின் 21 வயது ஆசிரியை. மாநாட்டு வேலையின் பெரும் பாரம் அவர் தலையில்தான். பேச்சுகள் மலாய் அடிப்படையிலான இந்தோனேசிய மொழியில் நடந்தன. ஜாவாவில் கூடிய பெண்களில் பலருக்கு அது வீட்டு மொழி இல்லை. அக்டோபர் மாநாட்டில் டச்சில் பேசிய சித்தி சுந்தாரி, டிசம்பரில் புதுத் தேசிய மொழியில் பேசினார். இரண்டே மாதத்தில் அந்த முயற்சி!

அரசியல் பேசுவதில்லை என்று முன்கூட்டியே முடிவு. அரசு கண்காணிக்கும் என்பது ஒரு காரணம். எல்லாச் சங்கங்களையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருக்க வேண்டும் என்பது இன்னொன்று. ஆனால் திருமணத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியுமா? முகாருமா என்பவர் குழந்தை மணத்தைப் பற்றிப் பேசினார். இன்னொருவர் திருமணம், மணவிலக்கு பற்றி. பிறகு ஆயிஷிய்யாவின் சித்தி முஞ்சியா எழுந்து, இஸ்லாம் சில நிபந்தனைகளோடு அனுமதித்திருப்பதால் பலதார மணத்தை அப்படியே தள்ளிவிட முடியாது என்ற பக்கத்தை எடுத்துப் பேசினார். முஞ்சியாவும் பெண் கல்விக்காக உழைத்தவர்தான். அவரைப் பிற்போக்குவாதி என்று ஒதுக்குவது எளிது, நியாயம் அல்ல. தன் சமயத்துக்குள்ளிருந்தே பெண்ணுக்கு மதிப்புத் தேடியவர் அவர்.

இங்கேதான் ஒரு சின்னத் தீர்மானத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மாநாடு அரசுக்கு அனுப்பிய கோரிக்கைகளில் பெண்களுக்கு மேலும் பள்ளிகள் வேண்டும் என்பது ஒன்று. இறந்துபோன அரசு ஊழியரின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் உதவித்தொகை வேண்டும் என்பது இன்னொன்று. மூன்றாவது, திருமணத்தின்போது சொல்லப்படும் 'தாக்லிக்' மணப்பெண்ணுக்கு விளக்கப்பட வேண்டும் என்பது. அது என்ன? முஸ்லிம் கணவன் தலாக் சொல்லி மனைவியை விலக்கலாம். மனைவிக்கு அதே வசதி இல்லை. ஜாவாவில் இதற்கு ஒரு பழைய மாற்று இருந்தது. நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளை சில நிபந்தனைகளைச் சொல்லி வாக்குக் கொடுப்பார்: இத்தனை காலம் மனைவியை விட்டுப் போனால், சோறு துணிக்குக் கொடுக்காமல் விட்டால், அடித்துத் துன்புறுத்தினால், மனைவி அதைப் பொறுக்காமல் சமய அதிகாரியிடம் முறையிட்டால், ஒரு தலாக் விழுந்ததாகக் கொள்ளலாம். அதாவது விலக்கின் சாவியைக் கணவனே திருமண நாளில் மனைவி கையில் கொடுத்துவிடுகிறான். ஆனால் அப்படி ஒரு சாவி தன்னிடம் இருப்பதே அவளுக்குத் தெரியாது. சடங்கோடு சடங்காக வாசித்து முடித்துவிடுவார்கள். பத்துப் பன்னிரண்டு வயதில் மணமுடித்த பெண்ணுக்கு அதில் என்ன புரியும்?

பலதார மணத்தில் மோதிக்கொண்ட பெண்கள் இந்த ஒரு தீர்மானத்தில் கைகோத்தார்கள். சமய விதியை மாற்றச் சொல்லவில்லை. இருக்கும் உரிமையை அவளுக்குத் தெரியச் செய்யுங்கள் என்றார்கள். இந்தத் தலைமுறையின் அறிவுக்கூர்மையை நான் இங்கேதான் பார்க்கிறேன். எட்டக்கூடியதை முதலில் எட்டிப் பிடித்தார்கள்.

மாநாட்டின் முடிவில் ஒரு கூட்டமைப்பு உருவாயிற்று. ஆனால் இப்படி மெதுவாக நகர்வது எல்லோருக்கும் பிடிக்கவில்லை. 1930 மார்ச்சில் பாண்டுங்கில் சுவார்னி ஜோயோசெபுத்ரோ 'இஸ்த்ரி செடார்' என்ற அமைப்பைத் தொடங்கினார். விழித்தெழுந்த பெண்கள் என்று பொருள். பலதார மணத்தை ஒழித்தே தீர வேண்டும், அரசியலும் பெண்கள் வேலைதான் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். கூட்டமைப்பு சமரசம் பேசியபோதெல்லாம் இவர்கள் எதிர்த்தார்கள்.

அரசியலில் நேரடியாக இறங்கியவர்கள் அதற்கு விலை கொடுத்தார்கள். மேற்குச் சுமத்ராவின் மனிஞ்சாவ் பகுதியில் பிறந்த ரசுனா சைத், ரஹ்மாவின் தீனியா புத்ரியில் ஆசிரியையாக இருந்தார். மாணவிகளுக்கு அரசியலும் சொல்லித்தர வேண்டும் என்பது ரசுனாவின் கருத்து. வகுப்புக்குள் கட்சி வேண்டாம் என்றார் ரஹ்மா. ரசுனா விலகி, 'பெர்மி' என்ற இஸ்லாமியத் தேசியக் கட்சியில் சேர்ந்து மேடை ஏறினார். 1932-இல் பாயாகும்பு கூட்டத்தில் பேசிய பேச்சுக்காகக் கைதானார். அரசுக்கு எதிராகப் பேசினார் என்ற குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்ட முதல் இந்தோனேசியப் பெண் அவர். செமாராங்கின் பூலு பெண்கள் சிறையில் ஓர் ஆண்டுக்கு மேல் இருந்தார். அதே பூலு சிறைக்கு 1936-இல் இன்னொருவர் வந்தார்: எஸ். கே. திரிமூர்த்தி, ஆசிரியை, பத்திரிகையாளர். அரசை எதிர்க்கும் துண்டறிக்கைகளைப் பரப்பியதற்காக ஒன்பது மாதம். பிற்காலத்தில் நாட்டின் முதல் தொழிலாளர் துறை அமைச்சர் ஆனவர் இவர். 1926-27 கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்குப் பிறகு நியூகினிக் காட்டிலிருந்த போவேன் டிகுல் முகாமுக்கு நாடு கடத்தப்பட்டவர்களில் சுகாயெசி என்ற பெண்ணும் உண்டு. இவர்களைப் பற்றிப் பள்ளிப் புத்தகங்கள் கார்த்தினியைச் சொல்லும் அளவில் கால் பங்குகூடச் சொல்வதில்லை என்பது எனக்கு மனத்தாங்கல்.

மாநாடுகள் தொடர்ந்தன. 1935 ஜூலையில் படாவியாவில் நடந்த மாநாட்டில் எழுத்தறிவின்மையை ஒழிக்க ஓர் அமைப்பும், பெண் தொழிலாளரின் நிலையை ஆராய இன்னோர் அமைப்பும் ஏற்படுத்தினார்கள். பெண்கள் 'தேசத்தின் தாய்மார்' என்ற கருத்தும் அங்கேதான் வந்தது. 1938 ஜூலையில் பாண்டுங் மாநாட்டுக்கு எம்மா புராதிரெஜா தலைமை. டிசம்பர் 22-ஐ அன்னையர் நாளாக அறிவித்தது இந்த மாநாடு. 1959-இல் குடியரசுத் தலைவர் சுகர்னோ அதை அரசு நாளாக்கினார். அவர்கள் கொண்டாட நினைத்தது ஓர் அரசியல் கூட்டத்தின் ஆண்டு நாளை. இப்போது அது அம்மாவுக்குப் பூங்கொத்து வாங்கிக் கொடுக்கும் நாளாகிவிட்டது. அம்மாவுக்குப் பூ கொடுப்பதில் தவறில்லை. ஆனால் ஜோயோதிபுரானில் குழந்தை மணத்தைப் பற்றிப் பேசியவர்களை அது மறைத்துவிடுகிறது.

அதே 1938-இல் நகரமன்றங்களுக்குப் பெண்கள் தேர்ந்தெடுக்கப்படலாம் என்றது அரசு. நான்கு பேர் உள்ளே போனார்கள்: பாண்டுங்கில் எம்மா புராதிரெஜா, சிரெபோனில் ஸ்ரீ உமியாத்தி, செமாராங்கில் சுனார்ஜோ மங்குன்புஸ்பிதோ, சுரபாயாவில் சித்தி சுந்தாரி. இவர்கள் மன்ற உறுப்பினர் ஆகலாம், ஆனால் தேர்தலில் ஓட்டுப்போட முடியாது! ஓட்டு 1941-இல்தான் வந்தது. சில மாதங்களில் ஜப்பானியப் படை வந்துவிட்டது.

இனி 1937. இந்த இயக்கத்தைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு ஆண்டைத்தான் படிக்கலாம் என்றால் நான் 1928-ஐச் சொல்ல மாட்டேன், 1937-ஐத்தான் சொல்வேன். அந்த ஆண்டு காலனிய அரசு ஒரு திருமணச் சட்ட முன்வரைவை வெளியிட்டது. விரும்புகிறவர்கள் தங்கள் திருமணத்தைப் பதிவு செய்துகொள்ளலாம். பதிவு செய்தால் ஒருவனுக்கு ஒருத்திதான். மணவிலக்கும் நீதிமன்றம் வழியாகத்தான். கட்டாயம் இல்லை. கார்த்தினி காலத்திலிருந்து பெண்கள் கேட்டதில் பெரும்பகுதி அதில் இருந்தது.

இஸ்லாமிய அமைப்புகள் கொதித்தெழுந்தன. கிறிஸ்தவ அரசு முஸ்லிமின் குடும்பத்துக்குள் தலையிடுகிறது என்றார்கள். எதிரும் புதிருமாக இருந்த சமய அமைப்புகள் அந்த ஆண்டு செப்டம்பரில் ஒரே பேரவையாகச் சேர்ந்ததற்கு இந்த முன்வரைவும் ஒரு காரணம். ஆயிஷிய்யா எதிர்த்தது. பலதார மணத்தை வெறுத்த மற்றப் பெண்களோ சங்கடத்தில் மாட்டிக்கொண்டார்கள். ஆதரித்தால் டச்சுக்காரர் பக்கம் நின்றவர்கள் என்ற பழி. எதிர்த்தால் இத்தனை நாள் கேட்டதெல்லாம் வீண். வெளிப்படையாக ஆதரித்தவர்கள் சிலரே. பெரும்பாலோர் வாய் திறக்கவில்லை. அரசு முன்வரைவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தங்களை அடிமையாக வைத்திருக்கும் அரசு நீட்டிய கையைப் பிடிக்கத் தயங்குவது மனித இயல்பு. தேசியத் தலைவர்களும் முதலில் நாடு, பிறகு வீடு என்றே சொல்லிவந்தார்கள். ஆனால் அந்தத் தயக்கத்தின் செலவை ஏற்றது தலைவர்கள் அல்லர்; இரண்டாம், மூன்றாம் மனைவியாக வாழ்ந்த பெண்களும், ஒரு சொல்லில் வீட்டை விட்டு அனுப்பப்பட்ட பெண்களும்தான்.

இயக்கம் அதோடு சோர்ந்துவிடவில்லை. அரசு கொண்டுவருவது வேண்டாம் என்றால் நாமே எழுதுவோம் என்று 1938 பாண்டுங் மாநாடு திருமணச் சட்டத்தை ஆராய ஒரு குழு அமைத்தது. தலைவர் மரியா உல்ஃபா சந்தோசோ. 1911-இல் செராங்கில் பிறந்து, லைடன் பல்கலைக்கழகத்தில் 1933-இல் சட்டம் முடித்தவர். சட்டப் பட்டம் பெற்ற முதல் இந்தோனேசியப் பெண். மணவிலக்குப் பெற்று வந்த பெண்களுக்கு ஆலோசனை சொல்வதும், சமய அறிஞர்களோடு உட்கார்ந்து பேசுவதும் அந்தக் குழுவின் வேலை ஆயின.

ஜப்பானியர் காலத்தில் மற்றச் சங்கங்கள் எல்லாம் மூடப்பட்டு 'ஃபுஜின்காய்' என்ற ஒரே பெண்கள் அமைப்பு போர் வேலைகளுக்காக நடத்தப்பட்டது. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1945-இல் விடுதலைக்கான ஆயத்தக் குழு கூடி அரசமைப்பை விவாதித்தபோது, அறுபதுக்கும் மேற்பட்ட உறுப்பினர்களில் பெண்கள் இருவர்: மரியா உல்ஃபாவும் சுனார்ஜோ மங்குன்புஸ்பிதோவும். அவ்வாண்டு ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 27-ஆம் பிரிவு, குடிமக்கள் அனைவரும் சட்டத்தின் முன்னும் அரசின் முன்னும் சமம் என்றது. ஓட்டு, பதவி, படிப்பு ஆகியவற்றில் ஆண் பெண் வேறுபாடு சட்டத்தில் நீங்கியது. 1946-இல் மரியா உல்ஃபா சமூக நலத்துறை அமைச்சரானார். அந்த நாட்டின் முதல் பெண் அமைச்சர்.

திருமணச் சட்டம் மட்டும் வரவில்லை. 1950-களின் முற்பகுதியில் சுகர்னோ, மனைவி ஃபாத்மாவதி இருக்கும்போதே ஹார்த்தினியை மணந்தார். பெண்கள் சங்கங்கள் வெளிப்படையாக எதிர்த்தன. 1928 மாநாட்டை நடத்திய சுஜாத்தின் அந்த எதிர்ப்பாளர்களின் முன்வரிசையில் இருந்தார். கடைசியில் 1974-இல்தான் நாடு முழுவதற்குமான திருமணச் சட்டம் நிறைவேறியது. அது பலதார மணத்தை ஒழிக்கவில்லை. ஏற்கெனவே உள்ள மனைவியின் சம்மதமும் நீதிமன்ற அனுமதியும் வேண்டும் என்றது. மணவிலக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தது. பெண்ணின் குறைந்தபட்ச மணவயதை 16 ஆக வைத்தது. அந்த வயது ஆணுக்குச் சமமாக 19 ஆனது 2019-இல்.